12 வோல்ட் கை ஃபோகஸ் லைட்: 100 வாட் பல்பா, எல்இடியா, பேட்டரி மாற்றமா?

இரவுக்காவல் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. ட்ரிகர் அழுத்தினால் எரியும் கைப்பிடி ஃபோகஸ் லைட் ஒன்று இருக்கிறது. எச்3 வகை 55 வாட் ஹாலஜன் பல்ப், யுபிஎஸ்ஸில் போடும் அதே 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) லெட் ஆசிட் பேட்டரி, 150 மிமீ விட்டமுள்ள ரிஃப்ளெக்டர். பெட்டியின் மேல் "20 லட்சம் கேண்டில் பவர்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். பேட்டரி புதிது. ஆனாலும் வெளிச்சம் மஞ்சளடித்துத்தான் விழுகிறது. பத்து நிமிடம் போனால் இன்னும் மங்குகிறது.

400 மீட்டர் தள்ளி நிற்பது ஆளா மாடா என்று தெரிந்தால் போதும். தொடர்ந்து அரை மணி நேரமாவது எரிய வேண்டும். எச்3-யிலேயே 100 வாட் பல்ப் கிடைக்கிறது. "60 வாட்" என்று போட்ட எச்3 எல்இடி பல்பும் கிடைக்கிறது. எதைப் போடலாம்? பேட்டரியை லித்தியத்துக்கு மாற்றினால் எடை குறையுமா? பழைய சார்ஜரே போதுமா? சோல்டரிங், மல்டிமீட்டர் இரண்டும் பழக்கம் உண்டு.

ஓம் விதி

பல்ப் வாங்குவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே இரண்டு இடத்தில் அளக்க வேண்டும்: ஒன்று பேட்டரி முனைகளில், இன்னொன்று பல்பின் முனைகளில். எச்3 பல்புக்கு ஒரு வயர்தான் வெளியே வரும். மறுமுனை அதன் உலோக விளிம்பே. ஆகவே ஒரு ப்ரோபை அந்த வயரின் இணைப்பிலும், மற்றதை பல்பின் விளிம்பிலும் வையுங்கள். விளிம்பைப் பிடித்திருக்கும் தகட்டில் வைத்தால் தகட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே நடக்கும் இழப்பு கணக்கில் வராமல் போய்விடும். பல்ப் சூடு விரலைப் பொசுக்கிவிடும், முதலை கிளிப் வைத்து அளப்பது நல்லது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், ஹாலஜனில் வெளிச்சம் வோல்டேஜுக்கு நேர்விகிதத்தில் போவதில்லை. ஏறக்குறைய 3.4-ஆம் அடுக்கில் போகிறது. எச்3 55 வாட் பல்புக்குச் சொல்லும் 1450 லூமன் (மொத்த வெளிச்சத்தின் அளவு), பல்பின் முனையில் 13.2 வோல்ட் இருக்கும்போது வருவது. அங்கே 11 வோல்ட்தான் இருக்கிறது என்றால் 780 லூமன் அளவுக்கு இறங்கிவிடும். மஞ்சள் நிறமே அதற்கு அடையாளம்: இழை போதிய சூடு ஏறவில்லை.

பேட்டரி முனையில் எவ்வளவு, பல்பில் எவ்வளவு என்று போடுங்கள். ஸ்விட்சின் இரண்டு காலுக்கும் குறுக்கே ஒரு அளவும் எடுங்கள். அதற்குப் பிறகு பேசலாம்.

இரவுக்காவல்

அளந்தாயிற்று சார். பல்ப் எரியும்போது பேட்டரியில் 12.1, பல்பில் 10.8. ஸ்விட்சுக்குக் குறுக்கே மட்டும் 0.45. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து பல்ப் வயர் வரை, ஸ்விட்சை விட்டுவிட்டு, 0.35. மீதி 0.5 பல்பின் விளிம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில்.

ஓம் விதி

1.3 வோல்ட் வழியிலேயே போகிறது. 10.8 வோல்ட் என்றால் உங்கள் பல்ப் அதன் மதிப்பில் பாதி வெளிச்சம்தான் தருகிறது, 730 லூமன் பக்கம். இந்த வயரிங்கில் 100 வாட் பல்பைப் போட்டால் கரண்ட் 8 ஆம்பியரைத் தாண்டும், வயரில் போகும் இழப்பும் கூடவே ஏறும். பேட்டரியும் கூடுதலாகத் துவளும். செலவுதான் மிச்சம்.

மைனஸ் பக்கம்தான் பெரிய களவு நடக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். பல்பின் விளிம்பு ஒரு கம்பி கிளிப்பால் தகட்டோடு அழுத்தப்பட்டிருக்கும். தகட்டில் ஒரு ரிவெட், ரிவெட்டில் வயர். மூன்று இணைப்பிலும் துரு அல்லது கறுப்பு படிந்திருக்கும். நுண்ணிய எமரி தாளால் தேய்த்து உலோகம் பளிச்சென்று தெரிய வைத்துவிட்டு, ரிவெட்டை நம்பாமல் விளிம்பைத் தொடும் தகட்டுக்கே தனியாக ஒரு மைனஸ் வயர் கொண்டுபோங்கள். அந்த இடத்தில் சோல்டர் வேண்டாம். பல்ப் சூட்டில் ஈயம் இளகிவிடும். திருகும் வளைய முனையும், அல்லது அழுத்திப் பிடிக்கும் கிரிம்ப் முனையும் போதும்.

வயர்: உள்ளே இருப்பது அநேகமாக 0.5 சதுர மிமீ. ஒரு மீட்டருக்கு 5 ஆம்பியரில் 0.17 வோல்ட் விழும். 1.5 சதுர மிமீ போட்டால் அது 0.06. போகவர மொத்தமே முக்கால் மீட்டர்தான் வேண்டியிருக்கும், கஞ்சத்தனம் தேவையில்லை. பல்பை ஒட்டிய கடைசி 10 செமீக்கு மட்டும் சிலிக்கான் உறை வயர் அல்லது கண்ணாடி இழை ஸ்லீவ் போடுங்கள். சாதாரண பிவிசி உறை அங்கே உருகி ஒட்டும்.

ஸ்விட்ச்: ட்ரிகரைக் கழற்றிப் புதுசு தேடி அலைய வேண்டாம். கார்களில் வரும் 12 வோல்ட் 30 ஆம்பியர் ரிலே ஒன்று போதும். பேட்டரி பிளஸ், ஃபியூஸ் வழியாக 30-ஆம் காலுக்கு. 87-ஆம் காலிலிருந்து பல்புக்கு. 85 மைனஸில். 86-ஐ ட்ரிகர் வழியாக பிளஸ்ஸில். ட்ரிகர் இனிமேல் ரிலே காயிலின் 0.15 ஆம்பியரை மட்டும் சுமக்கும், கருகாது. ஃபியூஸ் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். 55 வாட்டுக்குச் சிவப்பு நிற 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ்.

இதெல்லாம் செய்தால் வழியிழப்பு 0.2 வோல்ட்டுக்குள் வரும். பல்பில் 11.9 கிடைத்தால், அதே பல்ப், அதே பேட்டரி, வெளிச்சம் 1.4 மடங்கு.

குவியம்

வயரிங் பற்றி மேலே சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. பல்ப் தேர்வைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் எல்லாரும் வாட்டைப் பார்த்து ஏமாறுகிறார்கள்.

தூரத்தில் விழும் வெளிச்சத்தை நிர்ணயிப்பது லூமன் அல்ல, கேண்டெலா (ஒரே திசையில் போகும் ஒளியின் செறிவு). ரிஃப்ளெக்டரின் முகப் பரப்பை, ஒளிமூலம் ஒரு சதுர மிமீக்கு எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்பதோடு பெருக்கினால் வருவது அது. 150 மிமீ விட்டத்துக்கு முகப்பரப்பு சுமார் 17,670 சதுர மிமீ. ஹாலஜன் இழையின் பிரகாசம் சதுர மிமீக்கு 20 கேண்டெலா சுற்றுவட்டாரம். பெருக்கினால் மூன்றரை லட்சம். ரிஃப்ளெக்டர் பூச்சு தின்பது, நடு ஓட்டை, கண்ணாடி எல்லாம் கழித்தால் இரண்டு லட்சம் தேறினாலே நல்ல விளக்கு. பெட்டியில் போட்ட 20 லட்சம் வர இழை சதுர மிமீக்கு 113 கேண்டெலா பிரகாசிக்க வேண்டும். டங்ஸ்டன் அதற்கு முன்பே உருகிவிடும். அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

உங்கள் தேவை: தூரத்தின் வர்க்கத்தால் கேண்டெலாவை வகுத்தால் அங்கே விழும் வெளிச்சம் லக்ஸில் வரும். 400-இன் வர்க்கம் 1,60,000. அதாவது அந்த இடத்தில் 1 லக்ஸ் விழ 1.6 லட்சம் கேண்டெலா வேண்டும். ஆளா மாடா என்று பிரித்தறிய 1 லக்ஸ் போதும். டார்ச் பெட்டிகளில் போடும் "எறிதூரம்" 0.25 லக்ஸ் கணக்கில் வருவது, அது நிலா வெளிச்சம். அதை நம்பி 400 மீட்டர் என்று போட்ட டார்ச்சை வாங்கினால் 200 மீட்டரில்தான் ஒழுங்காகத் தெரியும்.

இப்போது 100 வாட்டுக்கு வருவோம். 100 வாட் பல்பின் இழை பெரியது, ஆனால் சூடு ஏறக்குறைய அதேதான். அதனால் ஒரு சதுர மிமீயின் பிரகாசம் பெரிதாகக் கூடாது. ஒளிப்பொட்டு அகலமாகும், தூரம் கூடாது. பக்கத்தில் சுவரில் அடித்துப் பார்த்தால் "அடேயப்பா" என்றிருக்கும், 400 மீட்டரில் வித்தியாசம் தெரியாது. மாறாக, 55 வாட் பல்பிலேயே வோல்டேஜை 10.8-லிருந்து 12.8-க்கு ஏற்றினால் இழை வெண்மையாகும், பிரகாசமே கூடும், தூரமும் கூடும். மொத்த வெளிச்சம் 1.78 மடங்கு.

100 வாட்டுக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. ரிஃப்ளெக்டரின் பின்பக்கத்தை நகத்தால் தட்டிப் பாருங்கள். மொத்தென்று பிளாஸ்டிக் சத்தம் வந்தால் 100 வாட்டை நினைக்கவே வேண்டாம். ஏபிஎஸ் பிளாஸ்டிக் 100 டிகிரிப் பக்கத்திலேயே தளர ஆரம்பிக்கும். முதலில் பல்ப் கழுத்தைச் சுற்றி அலுமினியப் பூச்சு பால்போல் மங்கும், பிறகு கழுத்தே சாய்ந்து பல்ப் குவியத்தை விட்டு விலகும். பூச்சு போன ரிஃப்ளெக்டரைத் துடைத்து மீட்க முடியாது.

நீலப் பூச்சு பூசி "வெள்ளை ஒளி" என்று விற்கும் ஹாலஜனும் வேண்டாம். வடிகட்டி போட்டு மஞ்சளை எடுத்தால் வெளிச்சமும் குறையத்தான் செய்யும். தெளிவான கண்ணாடி உள்ளதையே வாங்குங்கள். மாட்டும்போது விரல் பட்டால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பசை இருந்த இடத்தில் குவார்ட்ஸ் வெந்து வெளுத்து, சிலசமயம் வெடிக்கும்.

இரவுக்காவல்

அப்போ எச்3 எல்இடி பல்ப்? அதற்குக் கரண்ட் குறைவு, வோல்டேஜ் விழுந்தாலும் மங்காது என்கிறார்களே.

குவியம்

இரண்டும் உண்மை. குவியம்தான் பொய்.

எச்3 பல்பில் இழை குறுக்காகக் கிடக்கும், ஏறக்குறைய 5 மிமீ நீளம், ஒரு மிமீக்குச் சற்று மேல் தடிமன். (உங்கள் ஒளிப்பொட்டு வட்டமாக இல்லாமல் படுக்கைவாட்டில் நீண்டு விழுவது அதனால்தான்.) எல்இடி பல்பில் ஒரு பலகையின் இரண்டு முகத்திலும் சில்லுகள் ஒட்டி, அவற்றை நீளவாக்கில் அடுக்கியிருப்பார்கள். பலகையின் தடிமன் அளவுக்கு நடுவில் இருட்டு. எந்தச் சில்லும் சரியான குவியப் புள்ளியில் இல்லை. விளைவு: கிட்டத்தில் வெள்ளை வெளேரென்று பரவும், தூரத்தில் நடுவே ஓட்டை விழுந்த மங்கல் வளையம். கார் பனிவிளக்கில் இது பரவாயில்லை, எறிவிளக்கில் பயனில்லை.

"60 வாட்" என்பதையும் மீட்டர் வைத்து அளந்து பாருங்கள், பெரும்பாலும் 15 முதல் 20 வாட்தான் இழுக்கும். அதுவும் பின்னால் உள்ள சின்ன விசிறிக்குக் காற்று கிடைக்கும்வரை. மூடிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் சில நிமிடத்தில் சூடேறித் தானாகவே மங்கும்.

எல்இடி வேண்டுமென்றால் ஒற்றைச் சில்லை முன்னோக்கி வைத்து முறையாகச் செய்யலாம். அது வேறு கதை, பேட்டரி முடிவானதும் எழுதுகிறேன்.

செல்பெட்டி

பேட்டரி என் ஏரியா, சொல்லிடுறேன்.

7 ஏஎச் என்பது 20 மணி நேரக் கணக்கு. 0.35 ஆம்பியர் எடுத்தால்தான் அந்த 7 கிடைக்கும். நீங்கள் 4.5 எடுக்கிறீர்கள், அந்த வேகத்தில் 4.5 முதல் 5 ஏஎச் வரும். புது பேட்டரியில் ஒரு மணி நேரம் எரியும், ஆனால் வோல்டேஜ் முதல் நிமிடத்திலிருந்தே சரிந்துகொண்டே போகும். "பத்து நிமிடத்தில் மங்குகிறது" என்பது பழுதே இல்லை, லெட் ஆசிட்டின் குணம்.

மாற்று, எல்எஃப்பி எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட். நான்கு செல் சீரியலில், 12.8 வோல்ட். லோடில் 13-ஐ ஒட்டியே நின்று, கடைசியில்தான் பொத்தென்று விழும். ஹாலஜனுக்கு இதைவிடப் பொருத்தமான வோல்டேஜ் கிடையாது.

சாதாரண லித்தியம் அயன் 18650 செல்லை இதில் போடாதீங்க. மூன்று சீரியல் என்றால் நிறைவில் 12.6, பாதியில் 11.1, முடிவில் 9. லெட் ஆசிட்டைவிட மோசம். நான்கு சீரியல் என்றால் நிறைவில் 16.8, பல்ப் ஆயுள் வோல்டேஜின் 12-ஆம் அடுக்கில் குறையும், சீக்கிரமே போய்விடும். அதோடு 18650-யில் "9900 எம்ஏஎச்" என்று போட்டதெல்லாம் மோசடி. நல்ல செல்லே 3500 பக்கம்தான். நல்ல செல் 45 கிராமுக்குக் குறையாது, தராசில் போட்டாலே தெரிந்துவிடும்.

செல்: 32700 அளவு, 6 ஏஎச். விட்டம் 32 மிமீ, நீளம் 70. ஒன்று 140 கிராம் சுமார், நான்கும் 600 கிராமுக்குள். உங்கள் பழைய பேட்டரி 2 கிலோவுக்கு மேல், கை வலி அங்கேயே பாதி போய்விடும். பழைய பேட்டரியின் இடம் 151 × 65 × 94 மிமீ. நான்கு செல்லை ஒரே வரிசையில் படுக்க வைத்தால் 128 × 32 × 70, தாராளம். இரண்டு வரிசையாக எட்டு செல் வைத்து 12 ஏஎச் ஆக்கலாம். ஆனால் 64 மிமீ அகலம் ஆகிவிடும். அதில் பிளாஸ்டிக் செல் ஹோல்டரும் சேர்ந்தால் 65-க்குள் உட்காராது, ஹோல்டர் இல்லாமல் செல்லுக்கு நடுவே மீன்தாள் (மின்காப்புத் தாள்) வைத்து ஒட்ட வேண்டும். உங்கள் அரை மணிக்கு நான்கே போதும். 5 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வரும்.

செல்லில் நேரடியாகச் சோல்டர் வைக்காதீங்க, உள்ளே இருக்கும் சீல் வெந்துவிடும். ஸ்பாட் வெல்டிங் இல்லையென்றால் முனையில் திருகு மரை உள்ள 32700 செல் வாங்குங்கள், செம்புத் தகடு வைத்து நட்டு போட்டு முறுக்கிவிடலாம். நிக்கல் பட்டை போடுவதாக இருந்தால் 8 மிமீ அகலம் 0.15 மிமீ தடிமன் இரண்டு அடுக்கு. இரும்பில் நிக்கல் முலாம் பூசிய பட்டையும் விற்பார்கள், ஓர் ஓரத்தைச் சுரண்டி உப்புத் தண்ணீரில் ஓர் இரவு போடுங்கள், துரு பிடித்தால் தூக்கிப் போடுங்கள்.

சீரியல் போடுவதற்கு முன் நான்கையும் பாரலலில் கட்டி 3.65 வோல்ட் வரை ஏற்றி ஒன்றாக்குங்கள். இதைத் தவிர்த்தால் ஒரு செல் முன்கூட்டியே நிறைந்து, பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் பாதுகாப்புப் பலகை) சார்ஜிங்கை வெட்டும், பேக் எப்போதும் முக்காலிலேயே நிற்கும். பிஎம்எஸ் "4 எஸ் எல்எஃப்பி" என்று போட்டதாக இருக்க வேண்டும். லித்தியம் அயன் பிஎம்எஸ் 4.2 வோல்ட் வரை விடும், எல்எஃப்பி செல் அங்கே வீங்கும். பி மைனஸ் (பேக்கின் மைனஸ் முனை) வயரை முதலில், பிறகு ஒவ்வொரு செல் இணைப்பிலிருந்தும் வரும் பேலன்ஸ் வயர்களை வரிசையாக இணையுங்கள். கனெக்டரைச் செருகுமுன் அடுத்தடுத்த பின்களுக்கு நடுவில் 3.2 முதல் 3.3 வோல்ட் வருகிறதா என்று ஒவ்வொன்றாக மீட்டரில் பாருங்கள். ஒரு வயர் இடம் மாறியிருந்தாலும் செருகிய நொடியில் பிஎம்எஸ் புகைந்துவிடும்.

பழைய சார்ஜர் வேண்டவே வேண்டாம். இந்த மாதிரி விளக்கோடு வருவது பெரும்பாலும் ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் டயோடும்தான். லோடு இல்லாமல் அளந்தால் 16, 17 என்று காட்டும். லெட் ஆசிட் பேட்டரிகள் சீக்கிரம் சாவதற்கே அதுதான் காரணம். 14.6 வோல்ட் எல்எஃப்பி சார்ஜர் 2 ஆம்பியர் வாங்குங்கள், மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். சார்ஜிங் சாக்கெட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சின்னப் பலகை, ரெசிஸ்டர், டயோடு ஏதாவது இருந்தால் கழற்றிவிட்டு நேரே பிஎம்எஸ்ஸுக்குக் கொண்டுபோங்கள்.

சிறுவிளக்கு

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது 6 வோல்ட் 4.5 ஏஎச் வகை. இதே முறை பொருந்துமா?

செல்பெட்டி

பொருந்தும். எல்எஃப்பி இரண்டு சீரியல், 6.4 வோல்ட், 2 எஸ் பிஎம்எஸ், சார்ஜர் 7.3 வோல்ட்.

ஓம் விதி

6 வோல்ட்டில் வயரிங் இன்னும் முக்கியம். ஒரு வோல்ட் இழப்பு 12-இல் கால்வாசி வெளிச்சத்தைத் தின்றால், 6-இல் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும். 12 வோல்ட் ரிலே இழுக்காது, 6 வோல்ட் காயில் உள்ளதைத் தேடுங்கள்.

பழையசரக்கு

யாரும் எச்ஐடி (இழைக்குப் பதில் மின்வில்லால் எரியும் விளக்கு) பற்றிப் பேசவில்லையே. 35 வாட் பேலஸ்ட் (அதை ஓட்டும் மின்சுற்று), 4300 கெல்வின் குடுவை. 3000 லூமனுக்கு மேல் வரும், பேட்டரி 10 வோல்ட்டுக்கு வந்தாலும் மங்காது. எல்இடி வருவதற்கு முன் தூர விளக்குக்காரர்கள் எல்லாரும் இதைத்தான் செய்தார்கள்.

குவியம்

வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் எச்3 அடியுள்ள எச்ஐடி குடுவையில் மின்வில் நீளவாக்கில் இருக்கும், குறுக்காக இல்லை. குவியத்துக்கு முன்னும் பின்னும் நகர்த்திப் பொருத்தாமல் ஒளிப்பொட்டு சுருங்காது. தொடக்கத்தில் 20,000 வோல்ட்டுக்கு மேல் பாய்ச்சும், ஈரத்தில் கையில் பிடிக்கும் விளக்குக்கு அந்த வயரின் காப்பு கச்சிதமாக இருக்க வேண்டும். முழு வெளிச்சம் வரச் சில நொடி ஆகும். ட்ரிகரை அழுத்தி விட்டு அழுத்தி விட்டுப் பயன்படுத்துபவருக்குக் குடுவை சீக்கிரம் போகும். இவருக்கு அது தோதுப்படாது.

இரவுக்காவல்

நிலவரம்: மைனஸ் வயர், ரிலே, 1.5 சதுர மிமீ எல்லாம் போட்டாயிற்று. பழைய பேட்டரியிலேயே பல்பில் 11.9 வந்தது, மஞ்சள் பாதி போய்விட்டது. பிறகு எல்எஃப்பி பேக் கட்டினேன், செல்கள் எல்லாம் சமம். ஆனால் ட்ரிகரை அழுத்தினால் ஒரு மின்னல் மின்னிவிட்டு அணைந்துவிடுகிறது. விட்டு மறுபடி அழுத்தினாலும் அதே. பேக்கில் பிஎம்எஸ்ஸுக்கு முன் 13.3 வோல்ட் இருக்கிறது, பின் பக்கம் பூஜ்யம். பிஎம்எஸ் 15 ஆம்பியர்.

ஓம் விதி

பிஎம்எஸ் தன் வேலையைச் செய்கிறது. எரியும்போது உங்கள் இழையின் தடை 2.6 ஓம். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு, 0.2 ஓம் பக்கம். முதல் சில மில்லி செகண்டுக்கு 50 ஆம்பியர் வரை பாயும். லெட் ஆசிட் அதைக் கண்டுகொள்ளாது, பிஎம்எஸ் அதை ஷார்ட் என்று நினைத்து வெட்டிவிடும். சில பிஎம்எஸ் லோடை எடுத்தாலே திரும்பும். சிலவற்றைச் சார்ஜரை ஒரு நொடி இணைத்துத்தான் எழுப்ப வேண்டும்.

30 ஆம்பியர் அல்லது அதற்கு மேல் உள்ள பிஎம்எஸ் மாற்றினால் பெரும்பாலும் தீரும். மாற்றாமல் தீர்க்க இன்னொரு வழி: பல்ப் வயரில் 0.5 ஓம் 10 வாட் கம்பிச்சுற்று ரெசிஸ்டர் ஒன்றைச் சீரியலில் போடுங்கள். இரண்டாவது ரிலே ஒன்றின் 30, 87 கால்களை அந்த ரெசிஸ்டருக்குக் குறுக்கே இணையுங்கள். அந்த ரிலேயின் காயிலைப் பல்புக்குக் குறுக்கே இணையுங்கள். அழுத்தியதும் கரண்ட் ரெசிஸ்டர் வழியாக 18 ஆம்பியருக்குள் அடங்கும். இழை சூடேறிப் பல்பில் 7, 8 வோல்ட் வந்ததும் ரிலே தானாக இழுத்து ரெசிஸ்டரை ஓரங்கட்டிவிடும். கண்ணுக்குத் தாமதமே தெரியாது. பல்ப் ஆயுளுக்கும் இது நல்லது. 15 ஆம்பியர் என்று எழுதிய பிஎம்எஸ் ஒரு நொடியின் சின்னப் பங்குக்கு 18-ஐத் தாங்கும், அதற்குக் கொஞ்சம் அவகாசம் வைத்துத்தான் வெட்டும்.

என்டிசி தெர்மிஸ்டர் (சூடேறினால் தடை குறையும் ரெசிஸ்டர்) போடச் சொல்வார்கள். அது சூடேறிய பிறகும் 0.3 முதல் 0.5 வோல்ட் தின்னும், வயரிங்கில் மிச்சம் பிடித்ததை அது விழுங்கிவிடும்.

இரவுக்காவல்

இரண்டாவது ரிலே போட்டதும் சரியாகிவிட்டது. பல்பில் 12.8. பழைய மஞ்சள் இல்லை, தூரமும் கண்கூடாகக் கூடியிருக்கிறது. குவியம் சார், அந்த ஒற்றைச் சில்லு எல்இடி பற்றி எழுதுகிறேன் என்றீர்கள்.

குவியம்

ஹாலஜனை அப்படியே விட்டுவிட்டு இன்னொரு ரிஃப்ளெக்டரில் இதைச் செய்யுங்கள், திரும்பிப் போக வழி இருக்கும்.

தேவை, மேலே லென்ஸ் குமிழ் இல்லாத 1 சதுர மிமீ சில்லு உள்ள எல்இடி. இவற்றின் பிரகாசம் சதுர மிமீக்கு 200 கேண்டெலா அளவில் இருக்கும், ஹாலஜனைப் போல் பத்து மடங்கு. நான்கு சில்லை ஒன்றாக வைத்த பெரிய எல்இடி லூமன் அதிகம் தரும், எறிதூரத்துக்குச் சின்னச் சில்லே ராஜா.

முதலில் குவிய நீளம். ரிஃப்ளெக்டர் ஆரத்தின் வர்க்கத்தை ஆழத்தின் நான்கு மடங்கால் வகுங்கள். ஆரம் 75, ஆழம் 56 என்றால் 25 மிமீ. கழுத்தில் ஓட்டை இருப்பதால் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருக்கும், ஆழத்தை ஓட்டை இல்லாவிட்டால் எங்கே முடியுமோ அதுவரை கணக்கிட வேண்டும். முன்னோக்கி வைத்த எல்இடியின் ஒளி குவியத்துக்கு முன்னால் உள்ள ரிஃப்ளெக்டர் பகுதியில் மட்டும்தான் படும். இந்த அளவில் ஏறக்குறைய 56 சதவீதப் பரப்பு. நடுவட்டம் வீண். அப்படியும் ஹாலஜனைவிடப் பல மடங்கு கேண்டெலா கிடைக்கும். ஆழமில்லாத தட்டை ரிஃப்ளெக்டரில் இது தேறாது, ஆழம் குவிய நீளத்தைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சூடுதான் வில்லன். ஹாலஜன் தன் வெப்பத்தை அகச்சிவப்பாக முன்னால் வீசிவிடும். எல்இடியின் வெப்பம் அடியில் தேங்கும். 3.5 முதல் 4 ஆம்பியரில் ஓடினால் 13 வாட் சுமார், அதில் 9 வாட் வெப்பம். எல்இடியை நேரடி வெப்பப்பாதை உள்ள செம்புப் பலகையில் சோல்டர் செய்து, பலகையை 16 மிமீ செம்புத் தண்டின் முனையில் சோல்டர் செய்யுங்கள். தண்டு கழுத்து ஓட்டை வழியே பின்னால் வந்து, கூட்டுக்கு வெளியே துடுப்பு நீட்டிய அலுமினிய ஹீட்சிங்கில் திருகப்பட வேண்டும். ஹீட்சிங்கைக் கூட்டுக்கு உள்ளேயே வைத்து மூடினால் அரை மணியில் எல்லாம் ஒரே சூடாகிவிடும். 16 மிமீ தண்டு 40 மிமீ நீளத்துக்கு 5 டிகிரிதான் வித்தியாசம் காட்டும், அதற்கு மேல் தடிமன் தேவையில்லை.

டிரைவர், 12.8 வோல்ட்டை இறக்கி நிலைக் கரண்ட் தரும் பக் வகை. பேட்டரியிலிருந்து 1.2 ஆம்பியர் பக்கம்தான் இழுக்கும், உங்கள் 6 ஏஎச் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடும். பாய்ச்சல் கரண்ட் தொல்லையும் இல்லை, அந்த இரண்டாவது ரிலேயும் வேண்டாம். எல்இடியைச் சும்மா ரெசிஸ்டர் போட்டு ஓட்டாதீர்கள், சூடாகச் சூடாக அதன் வோல்டேஜ் இறங்கி கரண்ட் ஏறிக்கொண்டே போகும்.

குவியம் பிடிப்பது: தண்டின் தோளில் 0.5 மிமீ வாஷர்களை ஏற்றி இறக்கிப் பாருங்கள். அறைச் சுவரில் பார்த்து முடிவு செய்யக் கூடாது, கிட்டத்தில் கூர்மையாகத் தெரிவது தூரத்தில் விரிந்துவிடும். குறைந்தது 50 மீட்டரில் பாருங்கள். ஒரு தடங்கலை மட்டும் முன்பே யோசியுங்கள்: 25 மிமீ குவிய நீளத்தில் 1 மிமீ சில்லு 400 மீட்டரில் 16 மீட்டர் அகலப் பொட்டைத்தான் தரும். உங்கள் ஹாலஜன் அதே இடத்தில் 80 மீட்டர் அகலத்தை ஒரு வீச்சில் காட்டும். ஆள் எங்கே என்று தேடுவதற்கு ஹாலஜன் வசதி, இருக்கும் இடம் தெரிந்து உற்றுப் பார்க்க எல்இடி வசதி.

இரவுக்காவல்

எனக்குத் தேடல்தான் அதிகம். ஹாலஜனே இருக்கட்டும். பேக்கை எப்படி வைத்திருப்பது, எப்போதும் சார்ஜிலேயே போட்டு வைக்கலாமா?

செல்பெட்டி

வேண்டாம். லெட் ஆசிட்டை முழுசாக ஏற்றி வைக்க வேண்டும், காலியாக விட்டால் சல்ஃபேட் படியும். எல்எஃப்பிக்கு நேர்மாறு, மாதக்கணக்கில் சும்மா கிடக்கப்போகிறது என்றால் பாதியில் நிறுத்துங்கள். அடிக்கடி எடுப்பதானால் நிறைத்து, சார்ஜரைக் கழற்றி வைத்துவிடுங்கள். வோல்டேஜைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க முடியாது, 13.1-க்கும் 13.3-க்கும் நடுவிலேயே பெரும்பகுதி ஓடிவிடும். எரிந்த நிமிடத்தைக் கணக்கு வையுங்கள். பிஎம்எஸ் வெட்டும் வரை ஓட்டுவதை வழக்கமாக்க வேண்டாம். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடாதீங்க, எரிப்பது பரவாயில்லை. சார்ஜ் முடிந்த கையோடு அழுத்தினால் ஒரு நிமிடம் 13.2-க்கு மேல் போகும், பல்ப் மேல் பாசம் இருந்தால் கால் மணி விட்டு எடுங்கள்.